இரவு நடையைத் தமிழிலும் தொடங்குங்கள்: கொழும்பு ஈரநிலப் பூங்கா நிர்வாகத்தினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய இலங்கை நில அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தினருக்கும், நகர அபிவிருத்தி அதிகாரசபையினருக்கும், தியசரு, பெத்தகான பூங்காக்களில் நாள்தோறும் கடமையாற்றும் உத்தியோகத்தர்களுக்கும்,

வணக்கம்.

கொழும்பில் தமிழ்மொழி மூலம் விஞ்ஞானம் படிப்பிக்கும் ஆசிரியை நான். உங்களிடம் கேட்க வந்தது ஒன்றுதான். பொழுதுபட்ட பிறகு, பயிற்சி பெற்ற வழிகாட்டி ஒருவரோடு சிறு குழுவாக இருட்டுக்குள் நடந்து, இரவில் உலாவும் உயிரினங்களைத் தேடிப் பார்க்கும் இரவு நடையை உங்கள் பூங்காக்களில் நடத்துங்கள். எப்போதாவது ஒருநாள் விசேட நிகழ்ச்சியாக நடத்தினால் போதாது. முன்கூட்டியே அறிவித்த நாள்களில், சாதாரணக் குடும்பம் கொடுக்கக்கூடிய கட்டணத்தில், சிங்களத்தில் எப்படியோ அப்படியே தமிழிலும் நடக்க வேண்டும்.

பகலில் நீங்கள் செய்திருப்பதை நான் நன்றியோடு பார்க்கிறேன். பெத்தகானவில் நீருக்கு மேல் போட்டிருக்கும் நடைபாதையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நடந்திருக்கிறேன். தலவத்துகொடவில் இருக்கும் தியசருவில் நாரைகளையும் நீர்க்காகங்களையும் அவர்கள் கைநீட்டி எண்ணும்போது பக்கத்தில் நின்றிருக்கிறேன். 2018 ஒக்டோபரில் துபாயில் நடந்த, ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் மாநாட்டில் உலகின் முதல் 18 ஈரநில நகரங்களுள் ஒன்றாகக் கொழும்புக்கு அங்கீகாரம் கிடைத்தது. அந்தச் செய்தியை வகுப்பில் வாசித்துக் காட்டினேன். ஆனால் அந்த அங்கீகாரத்துக்குக் காரணமான உயிரினங்களில் முக்கியமான சிலவற்றை என் மாணவர் ஒருவரும் கண்டதில்லை. அவை எழும்பும் நேரத்தில் பூங்காவை விட்டு எல்லோரும் வெளியே வந்துவிடுகிறோம்.

மீன்பிடிப் பூனையை எடுத்துக்கொள்ளுங்கள். உலகில் வெகுசில தலைநகரங்களுக்குத்தான் காட்டுப்பூனை இனமொன்று நகருக்குள்ளேயே வாழும் பேறு உண்டு. வீட்டுப்பூனையிலும் நன்றாகப் பெருத்த உடல், குட்டை வால், சாம்பல் கலந்த மயிரில் கரும்புள்ளிகள், விரல்களுக்கு இடையில் அரைகுறையாகச் சவ்வு. தண்ணீரைக் கண்டால் ஒதுங்காமல் தலைகீழாகப் பாய்ந்து மீனைப் பிடிக்கும். சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2016 இல் இதை அழிவாபத்துக்குட்பட்ட இனங்களின் வரிசையில் மதிப்பிட்டது. கொழும்பில் இதற்குக் கழுத்துப்பட்டி மாட்டிப் பின்தொடர்ந்த ஆய்வாளர்கள், அது சதுப்போடு நிற்காமல் வீட்டுத் தோட்டங்களுக்குள்ளும் புகுந்து, அலங்கார மீன் வளர்க்கும் தொட்டிகளில் கைவைத்ததையும் கண்டிருக்கிறார்கள். இவ்வளவு அயலில் இருந்தும், வீதியில் வாகனம் அடித்துப் போட்ட உடலாக மட்டுமே அது எங்கள் கண்ணில் படுகிறது. பார்த்தவர்கள் சிறுத்தைக்குட்டி என்று படம் எடுத்துப் போடுகிறார்கள்.

பெத்தகான எங்கோ தூரத்தில் இருக்கிற இடமென்று வெள்ளவத்தைக்காரர் நினைக்கலாம். பெத்தகானவை ஒட்டிய தியவன்னா ஓயாவின் நீர்தான் கிருலப்பனைக் கால்வாயாகி, வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் கடலில் விழுகிறது. காலி வீதியில் பாலத்தைக் கடக்கும்போது நாங்கள் மூக்கைப் பொத்திக்கொள்கிறோமே, அந்தக் கால்வாயின் மறுமுனையில்தான் நீர்நாய் வாழ்கிறது. மாடிக்குடியிருப்பின் யன்னலடியில் இரவு பதினொரு மணிக்குக் 'குவாக்' என்று ஒற்றைக் குரல் கொடுத்துக்கொண்டு பறக்கிறதே, அது வக்கா. பகல் முழுக்க மரக்கொப்பில் கூனிக்கொண்டு தூங்கிவிட்டு, மற்றக் கொக்குகள் அடையப் போகும் நேரத்தில் வேலைக்குப் புறப்படும் பறவை. வீட்டுக்கூரைக்குள் இரவிரவாக உருண்டு சத்தம் போடும் மரநாயைத் தெரியாத கொழும்புக் குடும்பமே இருக்காது. விஹாரமகாதேவிப் பூங்காவில் தலைகீழாகத் தொங்கும் பழந்தின்னி வௌவால்கள் இருள் கவியும்போது கூட்டமாகக் கிளம்புவதை, பஸ்ஸுக்கு நிற்கும் எவரும் நிமிர்ந்தால் காணலாம். எல்லாமே எங்களோடு ஒரே ஊரில் குடியிருக்கின்றன. அவற்றை அறிமுகம் செய்துவைக்க ஒருவர் இல்லை என்பதுதான் குறை.

அறிமுகம் என்றால் என்னவென்று ஓர் உதாரணம் சொல்கிறேன். பிலியந்தலைப் பக்கம் தெரிந்தவர் ஒருவரின் தோட்டத்துக்கு, பெற்றோரின் சம்மதத்தோடு பிள்ளைகள் சிலரை ஒரு மாலை கூட்டிச் சென்றோம். காட்டு விலங்குகளோடு பழகிய ஒருவர் வழிகாட்ட வந்திருந்தார். அவர் முதலில் எங்கும் நடக்கவில்லை. டோர்ச்சைக் கையில் தாழ்த்திப் பிடிக்காமல் நெற்றிப்பொட்டுக்குப் பக்கத்தில், கண்ணின் மட்டத்தில் வைத்துக்கொண்டு புல்வெளியைப் பார்க்கச் சொன்னார். பிள்ளைகள் அப்படியே செய்ததும் மூச்சு நின்றதுபோல ஓர் அமைதி. புல்லெங்கும் பச்சையும் நீலமுமாக ஊசிமுனைப் புள்ளிகள் மின்னின. பனித்துளி என்றான் ஒருவன். ஒரு புள்ளியைக் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே கிட்டப் போகச் சொன்னார். போய்க் குனிந்தால், சுண்டுவிரல் நகத்தளவு சிலந்தி. வலை பின்னாமல் தரையில் ஓடி இரைபிடிக்கும் ஓநாய்ச் சிலந்தி. இன்னொன்றின் முதுகில் குஞ்சுகள் அப்பிக்கொண்டிருந்தன. அத்தனை குஞ்சின் கண்களும் சேர்ந்து மின்ன, அந்த ஒரு சிலந்தி மட்டும் ஒளித்தூள் பூசியதுபோல் தெரிந்தது.

இரவில் உலாவும் பல விலங்குகளின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் ஒன்று இருக்கிறது; ஒருமுறை உள்ளே போன ஒளி திரும்பி வரும்போது மறுபடியும் விழித்திரையில் படுவதால் மங்கல் வெளிச்சத்திலும் அந்த விலங்குக்குப் பார்வை கிடைக்கிறது; டோர்ச்சை எங்கள் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்தால்தான் அப்படித் திரும்பும் ஒளி எங்கள் கண்ணில் விழும். இதைப் பாடப்புத்தகத்தில் இருந்து படிப்பிக்க எனக்கு ஒரு பாடவேளை தேவை. அன்று இரண்டு நிமிடத்தில் விளங்கியது. மரநாயின் கண், முதலையின் கண், தவளையின் கண் ஒவ்வொன்றும் வேறுவேறு நிறத்தில் மின்னும் என்றும், பழகியவர் நிறத்தையும் உயரத்தையும் வைத்தே விலங்கைச் சொல்லிவிடுவார் என்றும் கேட்ட பிறகு, அந்தப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புவதே பெரும்பாடாகிவிட்டது.

அதே தோட்டத்தில் சீமெந்துத் தொட்டி ஒன்று இருந்தது. அதன் மேல் சாய்ந்த கொப்பில் சவர்க்கார நுரையை அள்ளி ஒட்டிவைத்ததுபோல் ஒரு கட்டி தொங்கியது. மரத்தவளையின் கூடு அது. பெட்டை தவளை சுரக்கும் நீரைப் பின்னங்கால்களால் அடித்தடித்து நுரையாக்கி, அதற்குள் முட்டையிடுகிறது. வெளிப்பக்கம் காய்ந்து கோதுபோல் இறுகினாலும் உள்ளே ஈரம் காக்கப்படுகிறது. சில நாளில் வாற்பேத்தைகள் நுரையை இளக்கிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தண்ணீரில் சொட்டும். அதனால்தான் கூடு எப்போதும் நீருக்கு நேர்மேலே இருக்கிறது. பக்கத்து இலையில் அந்தத் தவளையே ஒட்டியிருந்தது. கழுத்துக்குக் கீழே தோல் துடிப்பதைக் கூடப் பார்க்க முடிந்தது. கொழும்புக்குள்ளேயே, மழை பெய்த இரவுகளில், வீட்டுக்குப் பின்னால் கொட்டாங்குச்சியைத் தட்டுவதுபோல் கேட்கும் சத்தத்துக்கு உரியவர் பெரும்பாலும் இந்த இனத்தார்தான். இலங்கையில் நூற்றுக்கும் மேற்பட்ட தவளை இனங்கள் உண்டு. அவற்றில் மிகப் பல உலகில் வேறெங்குமே இல்லாதவை. தவளையை அறிய இரவைவிட நல்ல வகுப்பறை கிடையாது, ஏனென்றால் அவை தங்களை அறிவிப்பதே இரவில்தான்.

இனி நான் சொல்லப்போவது பூங்காவுக்குத் தொடர்பில்லாததுபோல் தோன்றலாம். பொறுமையாக வாசியுங்கள்.

இந்த நகரத்தில் வளர்ந்த என் வயதுத் தமிழருக்கு இரவு என்றால் வேறு. 2009 மே வரை இரவு என்றால் சோதனைச்சாவடி, அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத் துண்டு, கதவு தட்டும் சத்தம். ஆறு மணிக்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்பது எங்கள் அம்மாமாரின் கட்டளை. அதற்குக் காரணம் இருந்தது. யுத்தம் முடிந்து இவ்வளவு காலமாகியும் அந்தப் பழக்கம் எங்கள் உடம்பை விட்டுப் போகவில்லை. பிள்ளைகளுக்கும் கைமாற்றிக் கொடுத்திருக்கிறோம். பள்ளிக்கூடம், பிறகு ரியூஷன், பிறகு வீடு. இருட்டு என்பது யன்னலை மூடிவிட வேண்டிய ஒன்று. கொழும்பில் பிறந்த பதின்மூன்று வயதுப் பிள்ளை, தெருவிளக்கு இல்லாத இடத்தில் நின்று வானத்தைப் பார்த்ததே இல்லை என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். தமிழ்ப் பெற்றோர் தாங்களாகப் பிள்ளையை இரவில் ஒரு சதுப்புப் பக்கம் கூட்டிப் போக மாட்டார்கள். இருட்டில் டோர்ச்சோடு நீர்க்கரையில் நிற்கும் தமிழ்க் குடும்பத்தை யாராவது வந்து விசாரித்தால் என்ன சொல்வது என்று முதலில் யோசிப்பார்கள். அரச நிறுவனம் ஒன்று, தன் பெயரில், தன் வாயிலைத் திறந்து, "வாருங்கள், நாங்கள் கூட்டிப் போகிறோம்" என்று அழைத்தால் அந்த யோசனை எழாது. இந்த அழைப்பைக் கொடுக்க உங்களால்தான் முடியும். தனியார் சுற்றுலாக்காரர் எவராலும் முடியாது.

பயத்தின் இன்னொரு பக்கமும் உண்டு. ஆந்தை அலறினால் வீட்டில் சாவு விழும் என்று நம்பிக் கல்லெறிகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். கூரையில் குடியிருக்கும் கூகை ஒரு குடும்பமாக ஓர் ஆண்டில் தின்று தீர்க்கும் எலிகளை நினைத்தால், அது எங்கள் வீட்டுக்கு வேலை செய்யும் பறவை. தேவாங்கின் கதை இன்னும் மோசம். மெலிந்த பிள்ளையைப் பழிக்க அதன் பெயரைச் சொல்கிறோம். அதன் கண்ணுக்கும் உடம்புக்கும் மந்திர மருந்துக் கதைகள் கட்டிப் பிடித்துக் கொன்றிருக்கிறோம். இலங்கையின் ஈரவலயத்துக்கே உரிய செந்தேவாங்கு உலகில் வேறெந்த நாட்டிலும் இல்லை. கொழும்புக்குக் குடிநீர் தரும் லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களைச் சுற்றிய காட்டில் அது வாழ்கிறது. உள்ளங்கையில் அடங்கும் உடல், அந்த முகத்துக்குப் பொருந்தாத பெரிய கண்கள், கொப்பில் ஒவ்வொரு கையாக எடுத்துவைத்து ஊர்ந்து போகும் நடை. ஒருமுறை நேரில் கண்டவர் அதன் பெயரால் இன்னொருவரைப் பழிக்கமாட்டார் என்றே நம்புகிறேன். நகர்ப் பூங்காவில் இரவு நடைக்குப் பழகும் பிள்ளைகளைப் பிறகு அந்தக் காட்டோரங்களுக்கும் முறையாகக் கூட்டிப் போகலாம்.

இரவில் பார்ப்பதைவிடக் கேட்பது பெரிது. 1995 இல் கித்துல்கலைக் காட்டில் பறவையியலாளர் தீபால் வரக்காகொடவுக்கு இனந்தெரியாத ஒரு குரல் கேட்டது. அந்தக் குரலை அவர் விடவில்லை. 2001 ஜனவரியில் சிங்கராஜவில் அந்தப் பறவையைக் கண்ணால் கண்டார்கள். 2004 இல் உலகுக்கே புதிய இனமாக அது விவரிக்கப்பட்டது. செரண்டிப் ஆந்தை என்கிறோம். நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இலங்கையில் புதிய பறவை இனம் எதுவும் கண்டுபிடிக்கப்படாமல் இருந்த காலத்தில் நடந்தது இது. படித்தவர்கள் நிறைந்த, ஆள் நடமாட்டமுள்ள ஒரு சிறு தீவில், ஒரு மனிதர் இருட்டில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றதால் கிடைத்த பறவை. இந்தக் கதையை என் வகுப்பில் சொல்லும்போதெல்லாம் "ரீச்சர், எங்களுக்கும் கேட்குமா?" என்று கேட்கிறார்கள். கேட்க வைப்பது என் கையில் இல்லை.

மொழியைப் பற்றி நேராகவே சொல்கிறேன். ஒருமுறை ஒரு பூங்காவில் வழிகாட்டியாக வந்த இளைஞர் அருமையானவர், விஷயம் தெரிந்தவர், பிள்ளைகள் மேல் அக்கறையுள்ளவர். அவருக்குத் தமிழ் தெரியாது. அவர் சிங்களத்தில் ஐந்து நிமிடம் சொன்னதை நான் அரை நிமிடத்தில் சுருக்கிச் சொன்னேன். அதற்குள் அந்தப் பறவை பறந்துவிட்டது. பகலில் அதைச் சமாளிக்கலாம், பலகையைக் காட்டலாம், படத்தைக் காட்டலாம். இரவில் குரல் மட்டும்தான் இருக்கிறது. "அசையாதே", "காலைத் தூக்காதே", "வலப்பக்கம் கேள்" என்று காதோடு காதாகச் சொல்வது பிள்ளையின் சொந்த மொழியில் இருந்தாக வேண்டும். அது பாதுகாப்புக்கும் தேவை. 1987 இல் வந்த, அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியாகிவிட்டது. உரிமை என்று வாதாடுவதற்காக இதைச் சொல்லவில்லை. தமிழ் பேசும் வழிகாட்டிகளை நியமிக்க உங்களுக்குச் சட்டத்தடை எதுவும் இல்லை, சட்டத்தின் ஆதரவே இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆள் இல்லை என்பீர்களா? கொழும்புப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படிக்கும் தமிழ், முஸ்லிம் மாணவர்கள் இருக்கிறார்கள். அதே பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து இயங்கும் இலங்கைக் களப் பறவையியல் குழுவும், தெஹிவளை மிருகக்காட்சிச் சாலையில் 1972 இலிருந்து இயங்கும் இளம் விலங்கியலாளர் சங்கமும் களப்பயிற்சியில் நீண்ட அனுபவம் உள்ளவை. அவற்றோடு சேர்ந்து பயிற்சி கொடுங்கள். கால்வாய்க் கரையோரக் குடியிருப்புகளில் இரவில் மீன்பிடித்தும் இறால் பிடித்தும் வளர்ந்த இளைஞர்களையும் விட்டுவிடாதீர்கள். எந்தப் பற்றைக்குள் எந்தக் கண் மின்னும் என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு பட்டதாரிக்குத் தெரியாது. இரு தரப்பாரையும் ஒரே குழுவுக்கு முன்னும் பின்னும் நடக்க விட்டால், முன்னால் போகிறவர் விளக்குவார், பின்னால் வருகிறவர் பிள்ளைகளைக் கணக்கெடுப்பார்.

இனி இருட்டைப் பற்றி. இரவு நடை தொடங்கினால் பாதையெங்கும் மின்விளக்குப் போட வேண்டும் என்று யாராவது கோப்பில் எழுதக்கூடும். தயவுசெய்து அதற்கு இடம் கொடுக்காதீர்கள். வெள்ளை விளக்கு எரியும் கம்பத்தடியில் விடியவிடியச் சுற்றிச் சாகும் பூச்சிகள், அதே இரவில் வௌவாலுக்கும் பக்கி என்ற இராப்பறவைக்கும் இரையாக வேண்டியவை, பூக்களுக்கு மகரந்தம் காவ வேண்டியவை. மின்மினிகள் ஒன்றையொன்று கண்டுபிடிப்பதே தங்கள் ஒளியால். பக்கத்தில் ஒரு கம்பம் எரிந்தால் அவற்றின் பேச்சு எடுபடாது. எங்கள் கண்ணுக்கும் அதே நியாயம்தான். விழித்திரையின் கோல் கலங்கள் இருட்டுக்கு முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் வேண்டும். கைத்தொலைபேசித் திரை ஒருதடவை முகத்தில் ஒளிர்ந்தால் அந்த அரைமணி நேரமும் வீண். சிவப்பு ஒளி கோல் கலங்களை அவ்வளவாகப் பாதிப்பதில்லை, பெரும்பாலான இராவிலங்குகளையும் அதிகம் கலைப்பதில்லை. டோர்ச் வாயில் சிவப்புச் செலோபேன் தாளை இரண்டு மடிப்பாக வைத்து இறப்பர் வளையம் போட்டால் போதும். இதற்குக் கேள்விப்பத்திரம் கோரவும் தேவையில்லை. வாயிலில் கைத்தொலைபேசிகளை அணைத்துப் பையில் போடச் சொல்லுங்கள்.

ஆபத்துகளை மறைத்து எழுதினால் இந்த மடலுக்கு மதிப்பில்லை. இந்த நீர்நிலைகளில் முதலை உண்டு. 2022 ஜனவரியில் தெஹிவளைக் கடலில் முதலை தாக்கிச் சுழியோடி ஒருவர் உயிரிழந்ததை நாங்கள் மறக்கவில்லை. ஆகவே நடை உயர்ந்த நடைபாதையில் மட்டும் இருக்கட்டும். நீரோர அணைக்கட்டில் வேண்டாம். பாம்புகளும் உண்டு. வெங்கிணாந்தி எங்களைக் கண்டால் விலகிப்போகும். சிங்களத்தில் குணகட்டுவா என்று சொல்லும் சிறு விரியன் காய்ந்த இலைகளுக்குள் அசையாமல் கிடக்கும், இலங்கையில் மிக அதிகமானவர்களைக் கடிப்பது அதுதான், இந்தியாவில் இருந்து வரும் விஷமுறி மருந்து அதன் விஷத்துக்கு வேலை செய்யாது. மூடிய சப்பாத்தும் நீண்ட காற்சட்டையும் இல்லாதவரை உள்ளே விடாதீர்கள், அது அமைச்சரின் பிள்ளையாக இருந்தாலும். சேற்றில் கால்வைக்காமல் இருந்தால் எலிக்காய்ச்சல் பயமும் குறையும். டெங்கு என்று பெற்றோர் தயங்குவார்கள். டெங்கு நுளம்பு கூடுதலாகக் கடிப்பது காலையிலும் பின்னேரத்திலும் என்பதை அவர்களுக்கு விளக்கலாம். மற்ற நுளம்புகள் கடிக்கத்தான் செய்யும். நடைக்கு முன் புகையடிப்பது மட்டும் கூடவே கூடாது. அன்றிரவு பார்க்க ஒன்றும் மிஞ்சாது.

இதைவிட எனக்குக் கவலை தரும் ஆபத்து வேறு. இந்த நடை புகழ்பெற்றுவிட்டால் என்ன ஆகும்? கூட்டம் வரும். கூட்டம் வந்தால் வருமானம். வருமானம் வந்தால் ஒரு குழுவுக்குப் பத்துப் பேர் என்பது இருபதாகும், இருபது ஐம்பதாகும். விலங்கு வராத இரவில் வந்தவர்களைத் திருப்திப்படுத்த ஒலிப்பதிவைப் போட்டு ஆந்தையைக் கூப்பிடுவார்கள். பொய்க்குரலை எதிரியென்று நம்பி வரும் பறவை தன் இரையையும் குஞ்சையும் விட்டுவிட்டு வருகிறது. பிளாஷ் அடித்துப் படம் எடுப்பார்கள். எடுத்த படத்தை இடத்தின் பெயரோடு போடுவார்கள், பிடித்து விற்கிறவர்களுக்கு அதுவே வழிகாட்டியாகும். ஆகவே முதல் நாளிலேயே எல்லையைக் கோடு கிழித்துவிடுங்கள். ஒரு குழுவில் பத்துப் பேருக்கு மேல் வேண்டாம். வாரத்தில் இரண்டு இரவுகள் போதும், மற்ற இரவுகள் விலங்குகளுக்கு. ஒலிப்பதிவு வேண்டாம், பிளாஷ் வேண்டாம், இரை வைத்து வரவழைப்பது வேண்டவே வேண்டாம். கூடு கட்டும் காலத்தில் அந்தப் பாதையை மூடிவிடுங்கள். எதுவும் வராத இரவும் நல்ல இரவுதான் என்று வழிகாட்டி தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். பிள்ளைகள் அதைப் பெரியவர்களைவிட இலகுவாக ஏற்றுக்கொள்கிறார்கள் என்பது என் அனுபவம்.

நாள் குறிப்பதில் ஒரு சின்ன யோசனை. விடுமுறை என்பதால் போயா நாளில் வைக்கத் தோன்றும். முழுநிலவில் நடப்பது மனிதருக்கு இதம், ஆனால் மின்மினி பார்க்கவும் கண்மினுக்கம் தேடவும் நிலவில்லாத இரவு மேல். அமாவாசையை ஒட்டிய வெள்ளி, சனி இரவுகளைக் கொடுங்கள். எங்கள் வீட்டு நாட்காட்டிகளில் அமாவாசை பெரிதாகவே போட்டிருக்கிறது, யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. ஒக்டோபர், நவம்பர் மழைக்குப் பிந்திய வாரங்கள் தவளைகளுக்கு உகந்த காலம். ஆறரைக்குத் தொடங்கி எட்டு மணிக்கு முடித்தால், கொட்டாஞ்சேனையில் இருந்தும் வத்தளையில் இருந்தும் வருகிறவர்களுக்குத் திரும்பிப் போக பஸ் கிடைக்கும். எல்லோரிடமும் வாகனம் இல்லை. ஓட்டோவுக்கு இரவுக் கட்டணம் கொடுக்க வேண்டி வந்தால் நடைக்கட்டணம் எவ்வளவு குறைவாக இருந்தும் பயனில்லை.

கட்டணம் என்றதும் நினைவுக்கு வருகிறது. சிகிரியாப் பக்கத்து உல்லாச விடுதியில் தங்குகிறவர்களைத் தேவாங்கு பார்க்க இரவில் கூட்டிப் போகிறார்கள். முறையாகவும் செய்கிறார்கள், சிவப்பு விளக்கோடு. அந்த விடுதியில் ஓர் இரவு தங்கும் காசில் என் மாணவர் ஒருவரின் வீட்டு வாடகையில் பெரும்பகுதியைக் கட்டலாம். லண்டனில் 2000 ஆம் ஆண்டு திறந்த ஈரநில நிலையத்தில் கோடைகால மாலைகளில் வௌவால் நடை நடக்கிறது. மனிதக் காதுக்கு எட்டாத வௌவாலின் ஒலியைக் கேட்கும் ஒலியாக மாற்றித்தரும் சிறு கருவியை ஆளுக்கு ஆள் கைமாற்றிக் கேட்பார்களாம். போய்ப் பார்த்த உறவினர் சொல்லக் கேட்டேன். அந்தக் கருவி ஒன்றிரண்டு கொழும்பிலும் இருந்தால் போதும். வெளிநாட்டுப் பயணிகளிடம் கூடுதலாக வாங்குங்கள். அதில் ஒரு பங்கில் பாடசாலைக் குழுக்களை இலவசமாக விடுங்கள்.

2010 நவம்பரில் பாராளுமன்ற வளாகத்துக்குள்ளேயே வெள்ளம் புகுந்த பிறகு, இந்தச் சதுப்புகள் வீண்நிலம் அல்ல, நகரத்தின் நீரை வாங்கி வைத்திருக்கும் நிலம் என்று பொறியியலாளர்கள் எழுதினார்கள். அது நன்றாகவே எடுபட்டது. ஆனாலும் எல்லா ஓரத்திலும் மண் கொட்டுவது நின்றபாடில்லை. நீர்க்கொள்ளளவுக் கணக்குக்காக வீதியில் இறங்கும் மக்களை நான் கண்டதில்லை. தான் டோர்ச் பிடித்துக் கண்டுபிடித்த மீன்பிடிப் பூனை நடமாடும் பற்றையில் லொறி மண் கொட்டினால், அந்தப் பிள்ளை வீட்டில் சொல்லும். வீட்டார் உங்களுக்குத் தொலைபேசி எடுப்பார்கள். தங்கள் நிலத்தைக் காக்க ஒரு நிர்வாகத்துக்கு இதைவிட மலிவான காவல் கிடையாது. ஒவ்வொரு நடையிலும் கண்டதையும் கேட்டதையும் நேரத்தோடு ஒரு புத்தகத்தில் பதிய வைத்தால், சில ஆண்டுகளில் ஆய்வாளருக்கும் பயன்படும் தரவு உங்கள் கையில் இருக்கும்.

எங்கள் தரப்பில் செய்யக்கூடியதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் பூங்காவில் இரவில் காணக்கூடிய உயிரினங்களின் பட்டியலைத் தந்தால், தமிழ்ப் பெயர்களோடு பிழையற்ற ஒரு கையேட்டை நானும் என்னோடு படிப்பிக்கும் ஆசிரியர்களும் காசு வாங்காமல் எழுதித் தருகிறோம். வழிகாட்டிகளுக்கான தமிழ்ப் பயிற்சிக்கு வார இறுதியில் வருகிறோம். பெற்றோரின் சம்மதக் கடிதம், காப்புறுதிப் படிவம், ஆசிரியர் துணை எல்லாம் நாங்கள் ஒழுங்கு செய்கிறோம். பரீட்சார்த்தமாக மூன்று மாதம் நடத்திப் பாருங்கள். வரும் மழைக்காலத்தில், அமாவாசையை ஒட்டிய ஒரு வெள்ளிக்கிழமையை நீங்கள் குறித்தால், முதல் குழுவுக்குப் பத்துப் பிள்ளைகளின் பெயர்ப்பட்டியலை அந்த வாரமே அனுப்பிவைப்பேன். பதிலை எதிர்பார்த்திருக்கிறோம்.

இப்படிக்கு,
கொழும்பில் இருந்து ஒரு விஞ்ஞான ஆசிரியை